கணக்கில் சுமாரான பிள்ளை பைலட் ஆகலாமா?

கேள்வி இது: "என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். கணக்கில் 60, 65-ஐத் தாண்டுவதில்லை. ஆனால் பைலட் ஆகியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கணக்கு சரியாக வராதவளுக்கு அந்த வேலை சரிப்பட்டு வருமா? இன்டகிரேஷன் எல்லாம் விமானம் ஓட்டத் தேவைப்படுமா?"

தாராளமாக ஆகலாம். இன்டகிரேஷன் தேவைப்படாது. மேட்ரிக்ஸ், கலப்பெண், வகைக்கெழு எதுவும் காக்பிட் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அவையெல்லாம் விமானத்தை வடிவமைக்கிற இன்ஜினீயர்களின் பாடு. ஓட்டுகிறவருக்கு வேண்டிய கணக்கு ஏறக்குறைய பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. விகிதம், சதவீதம், அலகு மாற்றுவது, சைன், காஸ், டேன், ஒன்றிரண்டு இடத்தில் வர்க்கமூலம். அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பத்தாம் வகுப்புக் கணக்கை, ஒரு கை கண்ட்ரோலில் இருக்க, காதில் ஏடிசி (தரையிலிருந்து விமானங்களுக்கு வழிசொல்லும் கட்டுப்பாட்டு அறை) பேசிக்கொண்டிருக்க, சில வினாடிகளில் மனதுக்குள் போட வேண்டும். அதைவிட முக்கியம், கண்ணெதிரே ஓர் எண் வந்து நின்றால் அது பொருந்தி வருகிறதா, எங்கேயோ இடிக்கிறதா என்று உடனே தெரிய வேண்டும். பள்ளிக்கூடப் பரீட்சை இந்த இரண்டையும் சோதிப்பதே இல்லை. பைலட் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் நேவிகேஷன் பாடம் எடுக்கிறேன். பிளஸ் டூவில் 95 வாங்கியவர்கள் இதில் திணறுவதையும், 60 வாங்கியவர்கள் அலட்டாமல் போட்டுவிடுவதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால் உங்கள் மகளின் மார்க்கை வைத்து நான் எந்த முடிவுக்கும் வர மாட்டேன்.

முதலில் சட்டப்படி என்ன வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் தருவது டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் தேறியிருக்க வேண்டும் என்பதுதான் பல காலமாக இருந்து வரும் விதி. காமர்ஸ், ஆர்ட்ஸ் படித்தவர்கள் என்ஐஓஎஸ் எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக இந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதித் தேறிவிட்டு வருகிறார்கள், அது செல்லும். இந்த விதியைத் தளர்த்துவது பற்றி 2025இல் பேச்சு எழுந்தது. சேரும் சமயத்தில் டிஜிசிஏ தளத்தில் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேறினால் போதும் என்பதுதான் லைசென்ஸுக்கான கணக்கு. சில பயிற்சி நிலையங்கள் தங்கள் பங்குக்குத் தனியாக மதிப்பெண் வரம்பு வைத்திருக்கும், அது வேறு.

இனி, ஓட்டுகிறபோது கணக்கு எங்கே வருகிறது என்று ஒரு சின்னப் பயணத்தை வைத்துக் காட்டுகிறேன். பயிற்சி மாணவி ஒருத்தி செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில் சேலத்திலிருந்து மதுரைக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மதுரை சேலத்துக்கு நேர் தெற்கே, சுமார் 117 கடல் மைல். இந்தத் தூரத்துக்கு ஸ்கேல்கூட வேண்டாம். அட்சரேகையில் ஒரு பாகை என்பது 60 கடல் மைல். இரண்டு ஊருக்கும் இடையே இரண்டு பாகைக்குச் சற்றுக் குறைவு. ஆக 120க்குக் கொஞ்சம் கீழே. கடல் மைலை இப்படி 1,852 மீட்டர் என்று வைத்திருப்பதே பூமியின் வளைவோடு அது ஒத்துப்போவதால்தான்.

மாதம் ஜூலை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று பீறிட்டு அடிக்கிற காலம். அவள் தெற்கே போகிறாள், காற்று வலப்பக்கத்திலிருந்து தள்ளுகிறது. விமானத்தின் வேகம் 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்), வானிலை அறிக்கையில் காற்று 12 நாட். எத்தனை பாகை மூக்கை வலப்பக்கம் திருப்பி வைத்தால் விமானம் நேர்கோட்டில் போகும்? முறைப்படி சைனின் நேர்மாறு எடுக்க வேண்டும். காக்பிட்டில் யாரும் அதைச் செய்வதில்லை. காற்றை விமான வேகத்தால் வகுத்து 60ஆல் பெருக்குகிறார்கள்: 12 வகுத்தல் 100, பெருக்கல் 60, ஏழு பாகை. முடிந்தது.

கரூர் பக்கம் வந்ததும் கீழே பார்க்கிறாள். சுமார் 48 கடல் மைல் வந்திருக்கிறாள். ஆனால் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 4 மைல் கிழக்கே தள்ளி இருக்கிறாள். இங்கேதான் பைலட்டுகளின் முதல் வாய்ப்பாடு வருகிறது, அறுபதுக்கு ஒன்று. 60 மைல் போய் 1 மைல் விலகியிருந்தால் கோணம் ஒரு பாகை. ஏன் அப்படி? 60 மைல் ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு சுமார் 377 மைல். அதை 360 பாகைக்குப் பங்கிட்டால் பாகைக்கு 1.05 மைல். ஒன்று என்றே வைத்துக்கொள்ளலாம். ஆக 48 மைலில் 4 மைல் என்றால் 60 மைலில் 5. அவள் 5 பாகை விலகிப் போயிருக்கிறாள். மீதி இருப்பது 69 மைல். அதற்குள் அந்த 4 மைலையும் மீட்க வேண்டுமென்றால் இன்னொரு மூன்றரை பாகை. மொத்தம் எட்டு, ஒன்பது பாகை வலப்பக்கம் திரும்பினால் நேராக மதுரையில் போய் நிற்பாள்.

இன்னொரு செய்தியும் இதற்குள் இருக்கிறது. அவள் 7 பாகை திருத்தம் வைத்திருந்தும் 5 பாகை தள்ளியிருக்கிறது. ஆகக் காற்று அவளை 12 பாகை தள்ளுகிறது. அதாவது காற்று 12 நாட் இல்லை, 20 நாட். வானிலை அறிக்கை சொல்லாததை இந்த ஒரு வரிக் கணக்கு சொல்லிவிட்டது. மதுரையில் இறங்கும்போது பக்கக் காற்று எப்படி இருக்கும் என்று இப்போதே யோசிக்கத் தொடங்கலாம். எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். போர்டில் இதைப் போட்டுக் காட்டும்போது, கணக்கு என்றாலே ஒதுங்குகிற பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள். எக்ஸ் என்ன, ஒய் என்ன என்று கேட்ட காலம் போய், நான் எங்கே இருக்கிறேன், போய்ச் சேருவேனா என்று கணக்கு கேட்கத் தொடங்கிவிடுகிறது.

பக்கக் காற்றுக்கும் இதேபோலக் கைக்கணக்கு உண்டு. சென்னையில் ரன்வே 07 என்றால் அது ஏறக்குறைய 070 பாகையைப் பார்த்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழை சமயம், காற்று 040 பாகையிலிருந்து 20 நாட் என்று டவர் சொல்கிறது. இடைக்கோணம் 30 பாகை, சைன் 30 என்றால் அரை, ஆகப் பக்கக் காற்று 10 நாட். 45 பாகை என்றால் முக்கால் பங்கு, 60 பாகைக்கு மேல் என்றால் முழுசும் என்று எடுத்துக்கொள்வது. 45க்கு உண்மையில் 0.71, 60க்கு 0.87. கூட்டி எடுத்தால் பாதுகாப்பான பக்கம் தவறுகிறோம், அதனால் பரவாயில்லை. தோராயம் என்றால் எந்தப் பக்கம் தவறலாம் என்று தெரிந்து தவறுவது. இதைப் பள்ளியில் யாரும் சொல்லித் தருவதில்லை.

பெரிய விமானத்துக்குப் போனாலும் கணக்கின் தரம் உயர்வதில்லை, வேகம்தான் கூடுகிறது. 35,000 அடியில் வருகிற விமானம் எங்கே இறங்கத் தொடங்க வேண்டும்? ஆயிரம் அடிக்கு 3 கடல் மைல். 35ஐ மூன்றால் பெருக்கினால் 105 மைல். வேகத்தைக் குறைக்க ஒரு பத்து மைல், பின்காற்று இருந்தால் இன்னும் கொஞ்சம். கடைசியில் 3 பாகைச் சரிவில் ரன்வேயை நோக்கி வரும்போது நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும்? தரை வேகத்தை ஐந்தால் பெருக்கு: 140 நாட் என்றால் 700 அடி. இவற்றையெல்லாம் விமானத்தின் கம்ப்யூட்டரே போட்டுத் தருகிறது. ஆனால் ஏடிசி திடீரென்று பாதையைச் சுருக்கி "நேரே வாங்க" என்று சொல்லும்போது, கம்ப்யூட்டரில் தட்டி முடிப்பதற்குள், உயரமாக இருக்கிறோமா தாழ்வாக இருக்கிறோமா என்று மனதில் ஓர் எண் ஓடிவிட வேண்டும்.

எரிபொருளும் அப்படித்தான். ஏ320 போன்ற விமானம் மணிக்கு ஏறத்தாழ 2,400 கிலோ குடிக்கும். நிமிடத்துக்கு 40 கிலோ. சென்னையில் கனமழை, வானத்தில் வட்டமடிக்கச் சொல்லிவிட்டார்கள். டேங்கில் 5,200 கிலோ. மாற்றாகப் பெங்களூருக்குப் போக 2,000, அங்கே போன பிறகும் தொடக் கூடாத கையிருப்பு 1,100 என்று வைத்துக்கொண்டால், செலவழிக்க இருப்பது 2,100. நாற்பதால் வகுத்தால் 52 நிமிடம். அந்த 52 ஓடி முடிவதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். இதில் எந்த வரியும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் பின்னால் 180 பேர் உட்கார்ந்திருக்க, மின்னல் வெட்ட, இதைப் பிசகாமல் போடுவதற்கு வாய்ப்பாடு நாக்கு நுனியில் இருக்க வேண்டும்.

ஆல்டிமீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அது காற்றழுத்தத்தை அளந்துதான் உயரம் காட்டுகிறது. அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் சுமார் 30 அடி. கடலில் தாழ்வு மண்டலம், சென்னையில் அழுத்தம் 1000க்கு இறங்கியிருக்கிறது. மேலே பறக்கும்போது எல்லோரும் பொதுவாக வைக்கிற 1013ஐ பைலட் மாற்ற மறந்துவிட்டார் என்றால் 13 பெருக்கல் 30, கிட்டத்தட்ட 400 அடி. கருவி காட்டுவதைவிட விமானம் அவ்வளவு கீழே இருக்கிறது. ரேடியோ சிக்னல் வழிகாட்டுகிற சாதாரண ஐஎல்எஸ் இறக்கத்தில் ரன்வே தெரிகிறதா என்று பார்த்து முடிவெடுக்கிற உயரமே 200 அடிதான். ஆக, கருவியில் 200 காட்டுவதற்கு முன்பே தரை வந்துவிடும். அதனால்தான் அந்த அழுத்த எண்ணை இரண்டு விமானிகளும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்கிறார்கள்.

இப்போது நான் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்: வந்த விடை பொருந்துகிறதா என்று பார்க்கிற புத்தி. அதற்கு 1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடந்ததைவிட நல்ல பாடம் கிடையாது. ஏர் கனடாவின் 143ஆம் எண் விமானம், அப்போது புத்தம் புதிதாக வந்திருந்த போயிங் 767. மான்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் போக வேண்டும். எரிபொருள் அளவு காட்டும் கருவி வேலை செய்யவில்லை. அதனால் டேங்கில் குச்சி விட்டு அளந்து, கையால் கணக்குப் போட்டார்கள்.

பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. டேங்கில் இருந்தது 7,682 லிட்டர். லிட்டரைக் கிலோவாக்க 1.77ஆல் பெருக்கினார்கள்; 13,597 வந்தது. தேவையிலிருந்து கழித்தார்கள், 8,703. அதை மறுபடி 1.77ஆல் வகுத்து, 4,916 லிட்டர் ஊற்றினால் போதும் என்று முடிவு செய்தார்கள். பெருக்கல், கழித்தல், வகுத்தல் எதிலும் பிழை இல்லை. எந்தக் கணக்கு வாத்தியாரும் முழு மார்க் போட்டுவிடுவார். ஆனால் 1.77 என்பது ஒரு லிட்டர் எரிபொருள் எத்தனை பவுண்டு என்பதற்கான எண். கிலோவுக்கு அது 0.8. ஏர் கனடாவின் மற்ற விமானங்களெல்லாம் பவுண்டில் ஓடிக்கொண்டிருந்தன. 767தான் கிலோவுக்கு மாறிய முதல் விமானம். பழைய எண் பழக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. சரியாகப் போட்டிருந்தால் 20,000 லிட்டருக்கு மேல் ஊற்றியிருக்க வேண்டும். ஊற்றியது அதில் கால் பங்கு. ஒட்டாவாவில் மறுபடி அளந்தார்கள். மறுபடியும் அதே 1.77ஆல் பெருக்கினார்கள், விடை சரியாக வந்தது போலவே தெரிந்தது.

இதை வகுப்பில் போட்டுவிட்டு நான் பிள்ளைகளிடம் கேட்பது ஒன்றே ஒன்று. எந்த சூத்திரமும் தெரியாத ஒருவர் அந்த இடத்தில் நின்றிருந்தால், இது தப்பு என்று எப்படிக் கண்டுபிடித்திருக்கலாம்? ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. விமான எரிபொருள் தண்ணீரைவிட லேசானது, தண்ணீரில் மிதக்கும். ஆகவே கிலோ எண் எப்போதும் லிட்டர் எண்ணைவிடச் சின்னதாகத்தான் இருக்க முடியும். 7,682 லிட்டர் எரிபொருள் 13,597 கிலோ இருக்கவே முடியாது. மண்ணெண்ணெய்க் கேனைத் தூக்கிய எவருக்கும் கைக்குத் தெரிகிற விஷயம். அத்தனை பேர் அந்தக் காகிதத்தைப் பார்த்தும் யாருக்கும் அது இடிக்கவில்லை. பைலட்டுக்குக் கணக்கு வேண்டும் என்று நான் சொல்லும்போது, இந்த இடிக்கிற உணர்வைத்தான் சொல்கிறேன்.

அந்தக் கதையின் மறுபாதியும் கணக்குதான். 41,000 அடியில் எச்சரிக்கை ஒலித்தது, சற்று நேரத்தில் இரண்டு எஞ்சினும் நின்றுவிட்டன. 69 பேரோடு அவ்வளவு பெரிய விமானம் கிளைடராகிவிட்டது. எஞ்சின் இல்லாமல் 767 எவ்வளவு தூரம் மிதக்கும் என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. துணை விமானி மாரிஸ் குவின்டல் உயரமானியையும், வினிபெக் ரேடார் சொன்ன தூரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டார். 10 கடல் மைல் போவதற்குள் 5,000 அடி இறங்கியிருக்கிறது. அதாவது 12 அடி முன்னே போனால் 1 அடி கீழே. அந்த விகிதத்தில் வினிபெக்கைத் தொட முடியாது என்று தெரிந்தது. தான் முன்பு விமானப்படையில் இருந்தபோது பணிபுரிந்த கிம்லி என்ற பழைய தளம் அருகில் இருப்பது நினைவுக்கு வந்தது. கேப்டன் ராபர்ட் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். உயரம் மிஞ்சி வந்த விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கிக் கிம்லி ரன்வேயில் இறக்கினார். ஒரு உயிர்கூடப் போகவில்லை. தரையில் நிதானமாகப் போட்ட கணக்கு கவிழ்த்த விமானத்தை, ஆகாயத்தில் அவசரத்தில் போட்ட விகிதக் கணக்கு காப்பாற்றியது.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளுமே என்று கேட்பீர்கள். 2009 மார்ச் 20, மெல்போர்ன். துபாய்க்குப் புறப்பட்ட எமிரேட்ஸ் 407, ஏர்பஸ் ஏ340. புறப்படும் வேகத்தையும் எஞ்சின் விசையையும் லேப்டாப்தான் கணக்கிட்டது, பிழையில்லாமல் கணக்கிட்டது. ஆனால் எடையை 362.9 டன் என்று தட்ட வேண்டிய இடத்தில் 262.9 என்று விழுந்துவிட்டது. ஓர் இலக்கம். 100 டன் இலேசான விமானத்துக்கான விசையோடு ரன்வேயில் ஓடினார்கள். வால் தரையில் உரசியது, ரன்வே தீர்ந்த பிறகுதான் விமானம் எழுந்தது. கடைசி வினாடியில் கேப்டன் முழு விசையையும் கொடுத்ததால் தப்பியது. எரிபொருளைக் கடலின் மேல் கொட்டிவிட்டுத் திரும்பி வந்து இறங்கினார்கள். காக்பிட்டில் நான்கு விமானிகள் இருந்தார்கள்.

இங்கே என்ன எண் உணர்வு காப்பாற்றியிருக்கும்? தூக்கு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். ஆகத் தேவையான வேகம் எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 362.9ஐ 262.9ஆல் வகுத்தால் 1.38, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.17. இறக்கையின் மடல் (ஃபிளாப்) அதே நிலையில் இருந்தால் 17 சதவீதம் கூடுதல் வேகம் தேவைப்படும் விமானம் அது. பதினான்கு மணி நேரப் பயணத்துக்கு எரிபொருள் நிரம்பிய விமானத்துக்கு இவ்வளவு குறைந்த வேகமா என்று திரையைப் பார்த்ததும் ஒருவருக்காவது உறுத்தியிருக்க வேண்டும். உறுத்துவது எளிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். விமானத்துக்கு விமானம், நாளுக்கு நாள் எடையும் வேகமும் மாறிக்கொண்டே இருந்தால் எது இயல்பான எண் என்ற நினைவே மங்கிப்போகும். அதனால்தான் கம்ப்யூட்டர் சொல்வதற்கு முன் தானாக ஒரு தோராயத்தைச் சொல்லிவிட்டு, பிறகு திரையைப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். திரையைப் பார்த்துவிட்டுத் தோராயம் சொன்னால், மனம் திரைக்கு ஆமாம் போடத்தான் செய்யும்.

வர்க்கமூலம் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிறிய விமானங்களில் பல நேரம் உயிரை எடுப்பது இதுதான். திரும்பும்போது விமானம் சாய்கிறது. 60 பாகை சாய்ந்தால் காஸ் 60 அரை. அதைத் தலைகீழாக்கினால் 2. விமானத்தின் பாரம் இரு மடங்காகிவிட்டது போல. இரண்டின் வர்க்கமூலம் 1.41. நேராகப் பறக்கும்போது 50 நாட்டில் ஸ்டால் ஆகிற, அதாவது இறக்கை தூக்கு விசையை இழந்து விழத் தொடங்குகிற விமானம் அந்தச் சாய்வில் 70 நாட்டிலேயே ஸ்டால் ஆகிவிடும். 30 பாகைச் சாய்வில் வெறும் 7 சதவீதம்தான் கூடும். ரன்வேக்குத் திரும்புகிற கடைசித் திருப்பத்தில், தாழ்வாக, மெதுவாக வரும்போது இன்னும் கொஞ்சம் சாய்த்துத் திருப்பிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். இந்தக் கணக்கு மனதில் பதிந்தவர் சாய்க்க மாட்டார். இன்னொரு சுற்றுப் போய் வருவார்.

பரீட்சைப் பக்கம் வருவோம். டிஜிசிஏ தாள்களில் ஏர் நேவிகேஷன், மீட்டியராலஜி, ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிகல் எல்லாம் உண்டு; தேற 70 சதவீதம் வேண்டும். பள்ளிக்கூடத்து 35-ஐ மறந்துவிட வேண்டியதுதான். கணக்கு குவிந்திருப்பது நேவிகேஷனில். பிள்ளைகள் மிரள்வது அதன் பெயர்களைப் பார்த்துத்தான், உள்ளே இருப்பது எளிய கணக்கு. திரும்பி வர முடிகிற கடைசிப் புள்ளி என்று ஒரு கணக்கு வரும். நான்கு மணி நேரத்துக்கு எரிபொருள், எதிர்க்காற்றில் போகும்போது 90 நாட், திரும்பும்போது 120 நாட். எவ்வளவு நேரம் போய்விட்டுத் திரும்பலாம்? நான்கை 120ஆல் பெருக்கி, 90ம் 120ம் சேர்ந்த 210ஆல் வகுத்தால் 2 மணி 17 நிமிடம். எட்டாம் வகுப்பில் போட்ட படகும் நீரோட்டமும் கணக்குதான் இது, படகுக்குப் பதில் விமானம். சற்றே கடினமானது பூமி உருண்டை என்பதால் வருகிற கணக்குகள். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிக் குவிவதால் நீண்ட பாதையில் திசை மாறிக்கொண்டே போகும். அந்த மாற்றம், கடந்த தீர்க்கரேகைப் பாகையைச் சராசரி அட்சரேகையின் சைனால் பெருக்கியது. அதற்குக்கூட சைன் அட்டவணையைத் தாண்டி எதுவும் வேண்டாம். ஓர் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு நூல் கட்டிப் பார்த்தால் அரை நாளில் புரிந்துவிடும்.

ஒரு விதிவிலக்கை மறைக்கக் கூடாது. உங்கள் மகள் விமானப்படைக்குப் போக நினைத்தால் கதை வேறு. என்டிஏ (தேசிய பாதுகாப்பு அகாடமி) எழுத்துத் தேர்வில் கணிதத்துக்கே 300 மதிப்பெண், பொதுத் தாளுக்கு 600. அங்கே வகைக்கெழு, தொகையீடு, மேட்ரிக்ஸ் எல்லாம் கேட்பார்கள், தப்பாக எழுதினால் மார்க் குறையும். ஓட்டுவதற்குத் தேவை என்பதற்காகக் கேட்பதில்லை. லட்சக்கணக்கில் வருகிறவர்களை வடிகட்ட வேண்டும், அதற்கு. பிறகு வருகிற சிபிஎஸ்எஸ் என்கிற கணினித் தேர்வில் கையும் கண்ணும் ஒத்துழைக்கிறதா என்று பார்ப்பார்கள். அது ஆயுளுக்கு ஒரே முறைதான். பட்டம் முடித்து ஏஎஃப்கேட் என்ற விமானப்படைப் பொதுத் தேர்வு வழியாகப் போகிறவர்களுக்கும் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் கட்டாயம். உத்தரப் பிரதேசத்தில் ஃபுர்சத்கஞ்ச்சில் இருக்கிற அரசுப் பைலட் பயிற்சி நிலையமான இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உடான் அகாடமி நுழைவுத் தேர்விலும் ஆங்கிலம், கணிதம், இயற்பியல், ரீசனிங் உண்டு. விமான நிறுவனங்களின் கேடட் தேர்வுகளில் மனக்கணக்கு நேரம் வைத்துக் கேட்கப்படும். ஆக, எந்த வாசல் வழியாகப் போகிறாள் என்பதைப் பொறுத்துக் கணக்கின் சுமை கூடும், குறையும்.

வீட்டில் என்ன செய்யலாம்? டியூஷன் மார்க்குக்காகத் தொடரட்டும். அதோடு தினம் கால் மணி நேரம் வேறு விதமான கணக்குப் பழக்கம் வேண்டும். 20 வரை வாய்ப்பாடு தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். நேரக் கணக்கு ரொம்ப முக்கியம், அது அறுபதில் ஓடுவதால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே வழுக்குகிற இடம்: 22.47க்குப் புறப்பட்டு 1 மணி 38 நிமிடம் பறந்தால் எப்போது சேரும் என்று பேனா இல்லாமல் சொல்லச் சொல்லுங்கள். எதிர்த் திசை கண்டுபிடிக்கப் பழக்குங்கள். 180 கூட்டுவது சிலருக்கு நேரம் பிடிக்கும். 200 கழித்து 20 கூட்டு என்று சொல்லிக்கொடுத்தால் 247க்கு எதிர் 067 என்று பட்டென்று வரும். பஸ்ஸில் போகும்போது கிலோமீட்டர் கல்லைப் பார்த்து வேகம் கண்டுபிடிக்கட்டும். ஹோட்டல் பில், பெட்ரோல் பங்க், மளிகை எதுவானாலும் மெஷின் காட்டுவதற்கு முன் ஒரு தோராயத்தை வாய்விட்டுச் சொல்லட்டும். சொன்னதற்கும் வந்ததற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்கப் பழகினாலே போதும். இதை ஆறு மாதம் விடாமல் செய்த பிள்ளை, மார்க் ஷீட் என்ன சொன்னாலும், என் வகுப்பில் முன் வரிசைக்கு வந்துவிடும்.

சேலம் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடி. மே மாதத்தில் 40 டிகிரி வெயில்; சூட்டில் காற்று மெலிந்து, விமானம் இன்னும் உயரத்தில் இருப்பது போலாகிவிடும். அந்த உயரத்தில் இருக்க வேண்டிய தர வெப்பநிலை 13 டிகிரி. ஒவ்வொரு கூடுதல் டிகிரிக்கும் 120 அடி என்று கூட்டினால் விமானம் எத்தனை அடியில் இருப்பது போல மூச்சுத் திணறும்? இதை அவளிடம் கேட்டுப் பாருங்கள். 4,200 அடி சொச்சம் என்று சொன்னால் நல்லது. விடை சொல்லிவிட்டு, "அப்படின்னா டேக் ஆஃபுக்கு ரன்வே நிறைய வேணுமேப்பா" என்று தானாகவே அடுத்த கேள்விக்குப் போனால் நீங்கள் கணக்கைப் பற்றிக் கவலைப்படுவதை நிறுத்திவிடலாம்.

கவலைப்பட வேண்டியது வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று பணம். 200 மணி நேரம் பறந்து லைசென்ஸ் கைக்கு வருவதற்குள் பல பத்து லட்சம் செலவாகும்; அதற்குப் பிறகும் குறிப்பிட்ட ரக விமானத்துக்கான பயிற்சி என்று தனிச் செலவு இருக்கிறது. இன்னொன்று உடல் தகுதி. கண்ணாடி போட்டிருப்பது தடை இல்லை, ஆனால் நிறங்களைப் பிரித்துப் பார்ப்பதில் குறை, காது, இதயம் என்று எதிர்பாராத இடத்தில் தட்டலாம். எவ்வளவு கணக்குத் தெரிந்தாலும் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே எந்தப் பயிற்சி நிலையத்திலும் முன்பணம் கட்டுவதற்கு முன், வங்கியில் கடன் கேட்டு நிற்பதற்கு முன், டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் 2 மெடிக்கல் (தொடக்க நிலை உடல் தகுதிச் சோதனை) எடுத்துவிடுங்கள். முடிந்தால் கமர்ஷியல் லைசென்ஸுக்கு வேண்டிய கிளாஸ் 1ஐயும் சேர்த்தே முடித்துவிட்டுப் பிறகு கல்லூரிப் பட்டியலைக் கையில் எடுங்கள்.